சர்க்கரை கட்டுக்குள் இருந்தும் இடுப்பெலும்பு முறிந்தது ஏன்?

கோத்தகிரி மருமகள்:

அனைவருக்கும் வணக்கம். என் அத்தைக்கு (கணவரின் தாயார்) வயது 69. நெடுங்காலமாக இரண்டாம் வகை நீரிழிவு உள்ளது. இரு வேளையும் மெட்ஃபார்மின், காலையில் கிளிமிபிரைடு மாத்திரை எடுத்துக்கொள்கிறார். கடைசியாகப் பார்த்த எச்பிஏ1சி, அதாவது மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி, 6.2 சதவீதம். இந்த வயதில் இவ்வளவு நல்ல கட்டுப்பாடா என்று பரிசோதனைக் கூடத்திலேயே பாராட்டினார்கள்.

சென்ற மார்கழியில் விடியற்காலை வாசற்படி இறங்கும்போது கால் தடுமாறி விழுந்தார். விழுந்த உயரம் இரண்டு படிதான் இருக்கும். ஆனாலும் இடுப்பெலும்பு முறிந்து, கோயம்புத்தூருக்குக் கொண்டுபோய் அறுவை சிகிச்சை செய்ய வேண்டியதாயிற்று. பிறகு எலும்பு அடர்த்தியைப் பார்க்க எடுத்த டெக்சா ஸ்கேனில் டி-மதிப்பு (இளம் வயதினரின் சராசரி அடர்த்தியோடு ஒப்பிடும் எண்; மைனஸ் கூடக்கூட அடர்த்தி குறைவு) மைனஸ் 1.6 என்று வந்தது. "எலும்புப்புரை (எலும்பு நலிந்து எளிதில் முறியும் நோய்) இல்லை, கால்சியம் மாத்திரை போதும்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

சர்க்கரையும் கட்டுக்குள் இருக்கிறது, எலும்பு அடர்த்தியும் பெரிதாகக் குறையவில்லை என்றால், இவ்வளவு சிறிய விழுதலில் எலும்பு எப்படி முறியும்? இனி மறுபக்கமும் முறியாமல் இருக்க என்ன செய்ய வேண்டும்? விவரம் தெரிந்தவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

உதகை பொதுமருத்துவர்:

வணக்கம் அம்மா. உங்கள் கேள்விக்கான விடை அந்த இரண்டு அறிக்கைகளுக்குள்ளேயே இருக்கிறது. இரண்டுமே பார்வைக்கு நன்றாக இருப்பதுதான் இங்கே சிக்கல்.

முதலில் ஸ்கேனைப் பார்ப்போம். டெக்சா கருவி எலும்பில் தாது உப்பு எவ்வளவு இருக்கிறது என்பதை மட்டுமே அளக்கிறது. அந்த எலும்பு எவ்வளவு உறுதியானது என்பதை அளப்பதில்லை. பெரும்பாலானோருக்கு அடர்த்தியும் உறுதியும் சேர்ந்தே குறைவதால், ஒன்றை வைத்து மற்றொன்றைக் கணித்துவிடலாம். இரண்டாம் வகை நீரிழிவில் அந்தக் கணக்கு பிசகுகிறது. இவர்களுக்கு, குறிப்பாகச் சற்று உடல் எடை உள்ளவர்களுக்கு, அடர்த்தி மற்றவர்களுக்குச் சமமாகவோ சற்று அதிகமாகவோ கூட இருக்கும். ஆனாலும் இடுப்பெலும்பு முறிவு மற்றவர்களைவிட இவர்களுக்கே அதிகம் நேர்கிறது. அமெரிக்காவில் முதியவர்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த மூன்று ஆய்வுகளின் தரவுகளை ஒன்றுசேர்த்து 2011இல் வெளியான கட்டுரை ஒன்று இதைத் தெளிவாகக் காட்டியது. அதன்படி நீரிழிவு உள்ள பெண்ணின் டி-மதிப்பிலிருந்து ஏறத்தாழ 0.6ஐயும், ஆணின் மதிப்பிலிருந்து ஏறத்தாழ 0.4ஐயும் கழித்துப் பார்த்தால்தான் உண்மையான முறிவு அபாயம் தெரியும். உங்கள் அத்தையின் மைனஸ் 1.6ஐ மைனஸ் 2.2 என்று வாசிக்க வேண்டும்.

அதைவிட முக்கியமான ஒன்றை உறுதியாகச் சொல்கிறேன். நின்ற உயரத்திலிருந்தோ அதற்குச் சற்றே கூடுதலான உயரத்திலிருந்தோ விழுந்து ஒரு முதியவரின் இடுப்பெலும்பு முறிந்தால், ஸ்கேனில் எந்த எண் வந்திருந்தாலும் அது எலும்புப்புரைதான். முறிவே நோயை உறுதிசெய்கிறது. ஆகவே கால்சியம் மாத்திரையோடு நிறுத்திவிடுவது போதாது. எலும்பைக் காக்கும் மருந்து அவருக்குத் தேவை.

ஏன் இப்படி ஆகிறது என்றும் கேட்டிருந்தீர்கள். எலும்பில் தாது உப்போடு கொலாஜன் என்னும் புரத நாரும் இருக்கிறது. எலும்புக்கு நெகிழ்வைத் தருவது அந்த நார்தான். இரத்தத்தில் சர்க்கரை பல ஆண்டுகள் மிகுந்து நிற்கும்போது, அது கொலாஜனோடு வினைபுரிந்து நார்களுக்கிடையே தேவையற்ற குறுக்குப் பிணைப்புகளை உண்டாக்குகிறது. தேயிலைச் செடியின் பச்சைக் கிளை வளைந்து கொடுக்கும், காய்ந்த கிளை அதே பருமனில் இருந்தாலும் சட்டென்று ஒடியும். இங்கே நடப்பதும் அதுதான். இத்துடன், பழைய எலும்பைக் கரைத்துப் புதிய எலும்பை வைக்கும் இயல்பான புதுப்பித்தல் வேலையும் நீரிழிவில் மந்தமாகிறது. நுண்ணிய விரிசல்கள் சரிசெய்யப்படாமல் சேர்ந்துகொண்டே போகின்றன. எலும்பின் கெட்டியான வெளிச்சுவரில் நுண்துளைகள் பெருகுவதும் உண்டு. டெக்சாவில் அது தனியாகத் தெரியாது.

இனி அந்த 6.2. அந்த எண்ணை அவர் எப்படி எட்டினார் என்பதுதான் என் கவலை. அவர் விழுந்தது விடியற்காலையில் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த நேரத்தில் வியர்த்திருந்ததா, பேச்சில் குழப்பம் இருந்ததா, முந்தைய இரவு சரியாகச் சாப்பிட்டாரா என்று நினைவுபடுத்திச் சொல்லுங்கள்.

குன்னூர் ஓய்வாசிரியர்:

மருத்துவர் ஐயாவுக்கு வணக்கம். ஒரு மாற்றுக் கருத்தை முன்வைக்க விரும்புகிறேன். சர்க்கரை மிகுவதால்தான் எலும்பின் நார் கெடுகிறது என்று நீங்களே கூறினீர்கள். அப்படியானால் சர்க்கரையை எவ்வளவு தாழ்த்துகிறோமோ அவ்வளவுக்கு எலும்புக்கு நன்மை என்றுதானே பொருள்? நான் என் எச்பிஏ1சி அளவை 6க்குக் கீழேயே வைத்திருக்கப் பாடுபடுகிறேன். 6.2 என்பதைக் கவலைக்குரிய எண்ணாகப் பேசினால், ஒழுங்காக மருந்து எடுப்பவர்களும் தளர்ந்துவிடுவார்களே என்பது என் அச்சம்.

உதகை பொதுமருத்துவர்:

ஐயா, உங்கள் அச்சம் நியாயமானது. கட்டுப்பாட்டைத் தளர்த்தச் சொல்வது என் நோக்கமன்று. ஆயினும் இதில் ஊகத்தை நம்ப வேண்டிய தேவை இல்லை. மனிதர்களிடம் செய்த ஆய்வுகளே இருக்கின்றன.

நெதர்லாந்தின் ராட்டர்டாம் நகரில் முதியவர்களைத் தொடர்ந்து கவனித்துவரும் ஆய்வில், எச்பிஏ1சி 7.5ஐத் தொட்ட அல்லது தாண்டிய நீரிழிவாளர்களுக்கு எலும்பு முறிவு அபாயம் நீரிழிவு இல்லாதவர்களைவிட 47 சதவீதம் கூடுதலாக இருந்தது. அதற்குக் கீழே வைத்திருந்த நீரிழிவாளர்களுக்கோ அபாயம் ஏறத்தாழ நீரிழிவு இல்லாதவர்களின் அளவிலேயே இருந்தது. உங்கள் வாதத்தின் முதற்பாதி சரி என்பதற்கு இது சான்று. மோசமான கட்டுப்பாடு எலும்பைக் கெடுக்கிறது.

இரண்டாம் பாதிக்கு அக்கார்டு என்னும் ஆய்வு விடை தருகிறது. வட அமெரிக்காவில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட இரண்டாம் வகை நீரிழிவாளர்களை இரு குழுக்களாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு எச்பிஏ1சி 6க்குக் கீழ் என்றும், மற்றதற்கு 7 முதல் 7.9 வரை என்றும் இலக்கு வைத்தார்கள். தீவிரமாகக் குறைத்த குழுவில் இறப்புகள் கூடியதால் 2008இல் அந்தத் தீவிர சிகிச்சையை நிறுத்த வேண்டியதாயிற்று. அந்த ஆய்வின் எலும்புப் பிரிவு 2012இல் முடிவுகளை வெளியிட்டபோது, தீவிரமாகக் குறைத்தவர்களுக்கு எலும்பு முறிவு குறைந்திருக்கவில்லை என்பது தெரிந்தது. இரு குழுக்களுக்கும் வேறுபாடே இல்லை. அதாவது 8, 9 என்று இருப்பதை 7க்கு அருகில் கொண்டுவருவதால் எலும்புக்குக் கிடைக்கும் பலன், 7இலிருந்து 6க்கு இறக்குவதால் கிடைப்பதில்லை. கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு, இன்சுலின் போன்றவற்றால் அப்படி இறக்கும்போது சர்க்கரை 70க்குக் கீழே விழும் வேளைகள் கூடுகின்றன. அந்த நேரத்தில் தலை சுற்றுகிறது, கண் மங்குகிறது, கால் பின்னுகிறது. சமவெளியில் தரையில் விழுகிறவர் இங்கே படிக்கட்டில் விழுகிறார்.

நீங்கள் எந்த மருந்தால் 6க்குக் கீழே வைத்திருக்கிறீர்கள் என்பது முக்கியம். உணவும் நடையும் மெட்ஃபார்மினும் மட்டும் என்றால் தாழ்சர்க்கரை அபாயம் மிகக் குறைவு, அப்படியே தொடருங்கள். மற்ற மருந்துகளும் உண்டென்றால் உங்கள் மருத்துவரிடம் இலக்கைப் பற்றிப் பேசுங்கள்.

குன்னூர் ஓய்வாசிரியர்:

விளக்கத்துக்கு நன்றி ஐயா. எனக்கு மெட்ஃபார்மினோடு பையோகிளிட்டசோன் சேர்ந்த மாத்திரை தருகிறார்கள், தாழ்சர்க்கரை வந்ததில்லை. என் மனைவிக்கும் அதே மாத்திரைதான்.

உதகை பொதுமருத்துவர்:

பையோகிளிட்டசோன் தனியாகத் தாழ்சர்க்கரையை உண்டாக்காது என்பது உண்மை. ஆனால் அந்த மருந்துக் குடும்பம் எலும்பு மச்சையில் எலும்பை உருவாக்க வேண்டிய செல்களைக் கொழுப்புச் செல்களாக மாற்றிவிடுகிறது. பெண்களுக்குக் கை, கால் எலும்பு முறிவுகள் கூடுவது ஆய்வுகளில் திரும்பத் திரும்பத் தெரிந்திருக்கிறது. மாதவிடாய் நின்ற பெண்ணுக்கு அந்த மாத்திரை தேவையா என்பதை மறுபரிசீலனை செய்யும்படி உங்கள் மனைவியின் மருத்துவரிடம் கேளுங்கள். நீங்களாக நிறுத்திவிட வேண்டாம். மாற்று மருந்து தொடங்காமல் நிறுத்தினால் சர்க்கரை ஏறிவிடும். கனாகிளிஃப்ளோசின் என்னும் வேறொரு சர்க்கரை மருந்தைப் பற்றியும் 2015இல் அமெரிக்க மருந்து ஒழுங்குமுறை அமைப்பு எலும்பு முறிவு எச்சரிக்கை விடுத்தது. மெட்ஃபார்மினால் எலும்புக்குக் கேடு இல்லை. ஆனால் நீண்ட காலம் எடுப்பவர்களுக்கு வைட்டமின் பி12 குறையக்கூடும், அதனால் பாதத்தில் உணர்ச்சி மழுங்கித் தடுமாற்றம் வரும். ஆகவே பி12 அளவையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

கூடலூர் களப்பணியாளர்:

எச்பிஏ1சி பற்றிப் பேச்சு வந்ததால் ஒன்றைச் சேர்க்கிறேன். இந்தியாவில் அரிவாள் செல் மரபு, அதாவது சிவப்பணுக்கள் அரிவாள் போல் வளையும் பரம்பரைக் குறை, முதன்முதலாக 1952இல் கண்டறியப்பட்டது நம் நீலகிரிப் பழங்குடியினரிடம்தான். இன்றும் கூடலூர், பந்தலூர் பகுதிகளில் அது பரவலாக உண்டு. அரிவாள் செல் நோய் உள்ளவர்களுக்குச் சிவப்பணுக்கள் விரைவில் அழிந்துவிடுவதால், அவற்றில் சர்க்கரை ஒட்டுவதற்கான காலமே குறைவு. எச்பிஏ1சி பொய்யாகத் தாழ்வாகக் காட்டும். மரபைச் சுமப்பவர்களுக்கும் சில பரிசோதனை முறைகளில் எண் பிசகலாம். மாறாக, இரும்புச்சத்துக் குறைவால் வரும் இரத்தசோகை உள்ள பெண்களுக்கு அது பொய்யாக உயர்ந்து காட்டும். இத்தகையவர்களுக்கு வீட்டுக் கருவியில் வேளைதோறும் பார்த்த அளவுகளோ, கடந்த சில வாரச் சர்க்கரையைக் காட்டும் ஃபிரக்டோசமைன் பரிசோதனையோதான் நம்பத்தகுந்தவை.

எலும்பைப் பொறுத்தவரை இன்னொரு கவலையும் உண்டு. அரிவாள் செல் நோயே தொடையெலும்பின் தலைப்பகுதிக்கு இரத்த ஓட்டத்தைத் தடுத்து அதை அழியச் செய்யும். இளம் வயதில் இடுப்பு வலி என்று வருபவரை "சர்க்கரையால் வரும் வலி" என்று அனுப்பிவிடக் கூடாது. படம் எடுத்துப் பார்க்க வேண்டும். எங்கள் பகுதியில் இது எனக்குத் தீராத ஆற்றாமையாக இருக்கிறது.

கோத்தகிரி மருமகள்:

மருத்துவர் ஐயா கேட்டதை வீட்டில் விசாரித்தேன். அன்று அத்தையின் கழுத்தும் முதுகும் நனைந்திருந்தன என்று மாமா சொல்கிறார். பனியில் நனைந்திருக்கும் என்று அப்போது நினைத்திருக்கிறார். முந்தைய இரவு அத்தை அரை இட்லியோடு எழுந்துவிட்டாராம். அதற்கு முன்பும் அதிகாலையில் படபடப்பாக இருக்கிறது என்று சில முறை சொல்லி, சர்க்கரை போட்ட தேநீர் குடித்ததும் சரியாகிவிட்டதாம். வீட்டில் சர்க்கரை பார்க்கும் கருவி இருக்கிறது. ஆனால் குளிர்காலக் காலையில் அது எண்ணைக் காட்டாமல் பிழை என்று மட்டும் காட்டும், அதனால் யாரும் அதை எடுப்பதில்லை.

உதகை பொதுமருத்துவர்:

உறைபனிக் காலத்து விடியலில் ஒருவருக்கு வியர்க்கிறது என்றால் முதலில் சர்க்கரையைத்தான் பார்க்க வேண்டும். இங்கே நம் தட்பவெப்பமே அந்த அறிகுறியைத் தனித்துக் காட்டிக்கொடுக்கிறது. நீங்கள் சொல்வதையெல்லாம் சேர்த்துப் பார்த்தால் அவருக்குத் தாழ்சர்க்கரை வந்துகொண்டிருந்தது என்றே கருதுகிறேன். கிளிமிபிரைடு அளவைக் குறைப்பதா, அல்லது தாழ்சர்க்கரை வராத வேறு மருந்துக்கு மாற்றுவதா என்பதை அவரது மருத்துவரிடம் இந்த வாரமே பேசிவிடுங்கள். உடன் பல நோய்கள் உள்ள, தளர்ந்த முதியவர்களுக்கு 8க்குக் கீழே இருந்தாலே போதும் என்று வழிகாட்டுதல்கள் சொல்கின்றன. அவருக்கு 7க்கும் 7.5க்கும் இடையில் இருப்பது போதுமென்பது என் கருத்து.

கருவி பழுதாகியிருக்க வேண்டியதில்லை. பெரும்பாலான கருவிகளும் பட்டைகளும் 10 டிகிரி செல்சியசுக்குக் கீழே வேலை செய்வதில்லை. இரவில் அதைப் படுக்கை அருகே கம்பளிக்குள் வைத்திருங்கள். விரலை வெந்நீரில் கழுவித் துடைத்துவிட்டுக் குத்துங்கள். குளிர்ந்த விரலில் இரத்தம் வராது. 70க்குக் கீழே இருந்தால் 15 கிராம் குளுக்கோஸ், அதாவது மூன்று தேக்கரண்டி அளவு, தண்ணீரில் கலந்து கொடுத்துவிட்டுப் பதினைந்து நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். அதுவரை அவர் எழுந்து நடக்கக் கூடாது.

தோட்ட மருத்துவமனைச் செவிலியர், குன்னூர்:

மருந்தைப் பற்றி மருத்துவர் எழுதிவிட்டார். விழாமல் இருப்பதைப் பற்றி நான் எழுதுகிறேன், ஏனெனில் எங்களிடம் வரும் முறிவுகளில் பெரும்பாலானவை ஒரே மாதிரியானவை: பாசி படிந்த படி, தளர்ந்த கம்பூட் (முழங்கால் வரை வரும் ரப்பர் காலணி), மங்கிய விளக்கு.

நீரிழிவால் பாதம் மரத்துப்போனவர் கம்பூட் அணியும்போது கால் தரையில் எங்கே பதிகிறது என்பதை உணர முடிவதில்லை. அளவு பெரிதாக இருந்தால் உள்ளே கால் நகர்ந்து, சரிவில் இறங்கும்போது முன்னால் தள்ளிவிடும். தடித்த காலுறையோடு போட்டுப் பார்த்துத்தான் அளவெடுக்க வேண்டும். அடிப்பகுதி தேய்ந்ததும் மாற்ற வேண்டும். உள்ளே கல் கிடந்தாலும் தெரியாது என்பதால் ஒவ்வொரு முறையும் கவிழ்த்துத் தட்டிவிட்டே அணியச் சொல்கிறேன். லயன் வீடுகளில் (தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகள்) கழிப்பறை வெளியே இருந்தால், இரவில் சிறுநீர் கழிக்கப் போகும் வழிதான் மிக ஆபத்தான வழி. அங்கே ஒரு விளக்கும், படியோரம் பிடித்து இறங்க ஒரு குழாய்க் கம்பியும் போட்டுக்கொடுத்த வீடுகளில் விழுதல் குறைந்ததை என் கண்ணால் கண்டிருக்கிறேன். இது மாத்திரையைவிட மலிவானது.

கண்ணையும் மறக்க வேண்டாம். விழித்திரைப் பாதிப்போ கண்புரையோ உள்ளவருக்கு மூடுபனியில் படியின் விளிம்பே தெரியாது. ஆண்டுக்கொரு முறை கண் பரிசோதனை அவசியம். நடப்பதைக் கண்டு அஞ்சி நாற்காலியிலேயே அமர்ந்துவிடுவதும் தவறு; தசை கரைந்துவிட்டால் அடுத்த முறை விழும்போது தாங்கிக்கொள்ள வலு இருக்காது. நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழுந்து உட்காரும் பயிற்சியை அறுவை சிகிச்சை செய்த மருத்துவர் அனுமதித்த பின் தினமும் செய்யச் சொல்லுங்கள்.

மன்னவனூர் விவசாயி:

பழனிமலைப் பகுதியிலிருந்து எழுதுகிறேன். என் மகனுக்கு 17 வயது. சிறுவயதிலிருந்தே முதல் வகை நீரிழிவு, இன்சுலின் போட்டுக்கொள்கிறான். எலும்பு பற்றி எங்களிடம் யாரும் பேசியதே இல்லை. இது முதியவர்களுக்கான பேச்சு மட்டும்தானா?

உதகை பொதுமருத்துவர்:

இல்லை ஐயா, உங்கள் மகனுக்கு இது இன்னும் பொருந்தும். முதல் வகையில் எலும்பு அடர்த்தியே குறைகிறது. பிற்காலத்தில் இடுப்பெலும்பு முறியும் அபாயம் மற்றவர்களைப் போல் பல மடங்கு. எலும்பைக் கட்டியெழுப்ப இன்சுலினும் தேவை. அது இல்லாத உடலில், எலும்பு உச்ச அடர்த்தியை எட்டவேண்டிய பதின்ம வயதில் சர்க்கரை தாறுமாறாக இருந்தால் அந்த இழப்பைப் பின்னால் முழுதாக ஈடுசெய்ய முடியாது. இந்த வயதில் அவன் ஓடட்டும், பாரம் தூக்கட்டும், பந்தாடட்டும். விளையாட்டுக்கு முன் சர்க்கரை பார்த்துக்கொண்டால் போதும். முதல் வகை உள்ளவர்களில் சிலருக்குக் கோதுமைப் புரதம் ஒவ்வாத சீலியாக் நோயும் சேர்ந்து வரும். அது கால்சியம் குடலில் உறிஞ்சப்படுவதைத் தடுக்கும். வயிற்றுப்போக்கோ வளர்ச்சிக் குறைவோ இருந்தால் மதுரைக்குப் போகும்போது அதற்கான இரத்தப் பரிசோதனையைக் கேளுங்கள்.

கோத்தகிரி மருமகள்:

வெயில், உணவு பற்றியும் சொல்ல வேண்டுகிறேன். அத்தை தினமும் காலையில் கண்ணாடி சன்னலருகே வெயிலில்தான் அமர்கிறார். ராகி உண்ணலாமா?

உதகை பொதுமருத்துவர்:

கண்ணாடி வழியாக வரும் வெயில் கதகதப்பைத் தரும். வைட்டமின் டி தராது, ஏனெனில் அதற்குத் தேவையான புற ஊதாக் கதிரைக் கண்ணாடி தடுத்துவிடுகிறது. உயரம் கூடக்கூட அந்தக் கதிரின் வலிமை கூடும் என்பது உண்மைதான். ஆனால் ஆடியிலும் ஐப்பசியிலும் மேகம் விலகாத நாட்கள், கம்பளிச் சட்டை, தலையில் சால்வை என்று நாம் அதைத் தோலுக்கு எட்டவிடுவதில்லை. நம் நிழல் நம்மைவிடக் குட்டையாக இருக்கும் நேரத்தில், முகமும் முழங்கையும் திறந்தபடி வெளியே அமர வேண்டும். அவருக்கு இரத்தத்தில் வைட்டமின் டி அளவைப் பார்த்து, 20 நானோகிராமுக்குக் கீழே இருந்தால் மருத்துவர் எழுதித்தருவதை எடுக்கட்டும். 60,000 அலகு உறையை அக்கம்பக்கத்தார் சொல்கேட்டு மாதக்கணக்கில் குடிப்பது கேடு.

ராகி தாராளமாக உண்ணலாம். 100 கிராமில் ஏறத்தாழ 350 மில்லிகிராம் கால்சியம் உண்டு. ஆனால் அதில் மாவுச்சத்தும் 65 கிராமுக்குக் குறையாது. நீர்த்த கஞ்சியாகக் குடித்தால் சர்க்கரை விரைவில் ஏறும். சிறு உருண்டைக் களியாக, அவரைக் குழம்போடும் கீரையோடும் உண்பது மேல். மாதவிடாய் நின்ற பெண்களுக்கு நாளொன்றுக்கு 1,200 மில்லிகிராம் கால்சியம் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் பரிந்துரை. பால், தயிர், ராகி, எள்ளு ஆகியவற்றிலேயே பெரும்பங்கு கிடைத்துவிடும், மீதத்துக்கு மட்டும் மாத்திரை போதும்.

கோத்தகிரி மருமகள்:

மருத்துவரைப் பார்த்துவிட்டு வந்தோம். கிளிமிபிரைடை நிறுத்திவிட்டு வேறு மாத்திரை கொடுத்திருக்கிறார். எலும்புக்கு வாரம் ஒருமுறை அலெண்ட்ரோனேட் அல்லது ஆண்டுக்கொரு முறை சோலெட்ரோனிக் அமிலம் ஊசி என்று சொன்னார். எது நல்லது? அத்தைக்கு எழுந்ததும் தேநீர் குடிக்காமல் இருக்க முடியாது.

உதகை பொதுமருத்துவர்:

மகிழ்ச்சி. இரண்டுமே நீரிழிவாளர்களுக்கும் பயன்தரும் மருந்துகள்தாம். வார மாத்திரையை வெறும் வயிற்றில், ஒரு குவளை வெறும் தண்ணீரோடு மட்டுமே விழுங்க வேண்டும். தேநீரோடு எடுத்தால் மருந்து உடலில் சேராது. பிறகு அரைமணி நேரம் படுக்கவோ எதையும் உண்ணவோ குடிக்கவோ கூடாது. சாய்ந்தால் உணவுக்குழாயைப் புண்ணாக்கும். அதிகாலைத் தாழ்சர்க்கரை வந்தவருக்கு அந்த அரைமணிப் பட்டினி எனக்கு ஒப்புதலாக இல்லை. இடுப்பெலும்பு அறுவை சிகிச்சைக்குப் பின் 90 நாட்களுக்குள் சோலெட்ரோனிக் அமிலம் பெற்றவர்களுக்கு மறு முறிவும் இறப்பும் குறைந்ததை 2007இல் வெளியான ஆய்வு காட்டியது. ஆகவே ஊசியையே பரிந்துரைப்பேன். ஊசிக்கு முன் வைட்டமின் டி குறைவைச் சரிசெய்ய வேண்டும். இல்லாவிட்டால் இரத்தக் கால்சியம் திடீரென இறங்கும். ஆடும் பல், சீழ் பிடித்த பல் ஏதேனும் இருந்தால் பல் மருத்துவரிடம் முதலில் காட்டிவிடுங்கள்.

சிறுநீரகப் பரிசோதனை அறிக்கை வந்ததும் அதிலுள்ள ஜிஎஃப்ஆர் எண்ணை (சிறுநீரகம் இரத்தத்தை வடிகட்டும் வேகம்) இங்கே எழுதுங்கள். அது 35க்குக் கீழே இருந்தால் இந்த இரண்டு மருந்துகளும் அவருக்குப் பொருந்தாது. ஆறு மாதத்துக்கொரு முறை தோலடியில் போடும் டெனோசுமாப் ஊசியைப் பற்றி உங்கள் மருத்துவரிடம் பேச வேண்டியிருக்கும். அதை இடையில் நிறுத்தினால் முதுகெலும்பு நொறுங்கும் அபாயம் உண்டு என்பதால், மலையிறங்கித் தவறாமல் போட்டுக்கொள்ள முடியுமா என்பதையும் வீட்டில் கலந்து முடிவு செய்யுங்கள்.